முப்பது என்று எழுதினேன்

திங்கள் இரவு ஏழரைக்கு
முப்பது என்று எழுதினேன்.
முப்பது சென்டிமீட்டர், நள்ளிரவில் தொடக்கம்,
வடகிழக்குக் காற்று, ஏரியோரம் பார்வை பூஜ்யம்.
எழுதிவிட்டுத் தேநீர் போட்டேன்.
மார்ச் ஒன்பது. தண்டர் பே கடைகளில்
தக்காளி விதைப் பொட்டலம் தொங்க ஆரம்பித்திருந்தது.

ஒரு கணினி சொன்னது: தாழ்வழுத்தம் தெற்கே நழுவும்,
எல்லாம் மினசோட்டாக்காரர்களுக்கு.
இன்னொன்று: இல்லை, நேரே உன் வாசலுக்கு.
மூன்றாவது இரு தரப்புக்கும் தலையாட்டியது,
சம்பந்தம் பேச நடுவில் உட்கார்ந்தவர் போல.
நான் வாசலை நம்பினேன்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
காலண்டரில் இன்னும் மாசிதான்.
ஆனால் அந்தப் பனி புல்லில் உட்கார்ந்து
எட்டு மணிக்கு எழுந்து போய்விடும்.
இது எழுந்து போகாது.
இதைத் தள்ள வேண்டும்; ஆளும் டீசலும் உப்பும் வேண்டும்.
எத்தனை ஆள், எத்தனை டன் உப்பு என்று
என் முப்பதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

ஒரு மணி. தெருவிளக்கின் கீழே ஒன்றுமில்லை.
இரண்டு மணி. ரேடாரில் ஊரே பச்சை,
ஜன்னலில் ஊரே வெறும் தார்.
மூன்று மணிக்கு ரெய்யோ கூப்பிட்டான்,
பதினேழாம் நெடுஞ்சாலையில்
பிளேடைத் தூக்கிவைத்துச் சும்மா ஓடுகிற லாரியிலிருந்து.
"உன் பனி எங்கே?"
"மேலே இருக்கிறது."
"மேலே எனக்கு ரோடு இல்லை."

உண்மையாகவே மேலே இருந்தது.
இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
இடையில் கிடந்த வறண்ட காற்று
வர வர வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.
குடிக்கும் என்று எனக்குத் தெரியும்.
வயிறு எப்போது நிறையும் என்று தெரியாது.

ஐந்து பத்துக்கு டோரீன், பள்ளிப் பேருந்துகளின் டோரீன்.
"வாசலில் நிற்கிறேன். தரை காய்ந்து கிடக்கிறது.
ஓட்டவா, நிறுத்தவா?"
ஒரு மூச்சு எடுத்தேன். அந்த மூச்சுக்குள்
போன மாதம் நான் சொல்லி வராமல்போன புயல் இருந்தது,
அதற்காக என்னை ஏசிய தாய்மார் அத்தனை பேரும் இருந்தார்கள்.
"நிறுத்து."

ஆறு. இல்லை.
ஆறரை. இல்லை. டோரீனின் எண்ணை
பாதி அழுத்தி விட்டுவிட்டேன்.
ஏழு மணிக்கு வந்த பெர்னியர், கோட்டைக் கழற்றாமல்,
என் திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
வேலை முடிந்திருந்தது. நான் போகவில்லை.

ஏழு நாற்பது.
முதலில் ஒன்று, கண்ணாடியில் விழுந்து யோசித்தது.
பிறகு எதிரே பெட்ரோல் பங்க் இல்லை.
பிறகு கார் நிறுத்துமிடம் இல்லை.
மகிழ்ந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்,
ரெய்யோ கண் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்
கைதட்டாத குறையாக மகிழ்ந்தேன்.

கடைசியில் அளந்தது இருபத்திரண்டு.
குறைந்த எட்டைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு.

புதனன்று வானத்தை யாரோ துடைத்துவிட்டார்கள்.
அப்படியொரு நீலத்தைப் பார்த்தால்
எனக்கு வயிற்றைப் பிசையும்.
தரையெல்லாம் புது வெள்ளை, மேகமில்லை, காற்று அடங்கியாயிற்று;
பகலில் வாங்கிய கொஞ்சச் சூட்டையும்
நிலம் இரவோடு இரவாக மேலே கொடுத்துவிடும்.
இதில் இரண்டு கருத்து இல்லை.
மூன்று கணினியும் ஒரே குரலில்:
மைனஸ் முப்பத்து நாலு.

எழுதினேன். யாரும் கூப்பிடவில்லை.
வியாழன் விடியலில் சிம்ப்சன் தெரு நிறுத்தத்தில்
சுருண்டு கிடந்தவரை
வேலைக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி உலுக்கி உலுக்கி எழுப்பினாள்.
எழுந்தார். அது செய்தியில் வரவில்லை.

நான் வெளியே வந்தபோது
மூக்குக்குள் முடி முறுகியது.
கார்ச் சாவியைத் திருப்பினேன்.
ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை.
பானெட்டுக்கு அடியிலிருந்து ஹீட்டர் வயர்
எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
இரண்டடி தள்ளி, சுவரில், பிளக்.

ரெய்யோ வந்தான். சிவப்புக் கிளிப், கறுப்புக் கிளிப்.
எதுவும் பேசவில்லை.
எஞ்சின் பிடித்ததும் கையுறையைத் தட்டிக்கொண்டு
"நேற்று வானிலை கேட்கவில்லையா?" என்றான்.